முன்னர் வழங்கிய பெயர்

குரோமாக்ஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் பெரெண்ட்ஸனின் குழு 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை. புரதமோ கொழுப்புப் படலமோ, அதன் ஒவ்வொரு அணுவும் எப்படி அசையும் என்று கணினியில் நடத்திப் பார்ப்பவர்கள் இன்று உலகெங்கும் இதைக் கையாள்கிறார்கள். இதைப்பற்றி ஒரு வங்கி குமாஸ்தா இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். என் சித்தி மகன் இதில் ஆராய்ச்சி செய்கிறான். அது ஒரு காரணம். பெயர்கள் விஷயத்தில் நம்மில் பலரைவிட யோசனையோடு நடந்துகொள்கிற ஒரு பிரதியை அவன் மேஜைமேல் பார்த்தேன் என்பது மற்றொன்று.

ஓட்டத்துக்கு வேண்டிய கட்டளைகள் எல்லாம் ஒரு சாதாரணக் கோப்பில் இருக்கின்றன. வரிக்கு ஒன்றாக, இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. எத்தனை அடிக்கு ஒருமுறை அணுக்களின் இருப்பிடத்தைச் சுருக்கி எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு வெகுகாலம் 'என்எஸ்டி எக்ஸ்டிசி அவுட்' என்று பெயர். எக்ஸ்டிசி என்பது ஒரு கோப்பு வகை. 2014இல் 5.0 பதிப்பு வந்தபோது டிஎன்ஜி என்ற இன்னொரு வகையும் சேர்ந்தது. இனி அந்தப் பெயர் பொய். ஆகவே 'என்எஸ்டி எக்ஸ் அவுட் கம்ப்ரெஸ்ட்' ஆயிற்று. பாத்திரத்தின் பெயர் போய்ச் செயலின் பெயர் வந்தது. இன்னொன்று எனக்கு மேலும் பிடித்தது. 'அன்கன்ஸ்ட்ரெய்ன்ட் ஸ்டார்ட்', அதாவது கட்டுப்பாடற்ற தொடக்கம் என்று ஒரு கட்டளை. பின்னாளில் அதைத் 'தொடர்ச்சி' என்று மாற்றினார்கள். கணினி செய்வது அதே காரியம். முதல் பெயர் அது எப்படி நடக்கிறது என்கிறது, இரண்டாவது எதற்காக என்கிறது. கையேட்டில் புதுப் பெயருக்குக் கீழே 'முன்னர் வழங்கிய பெயர்' என்று பழையதையும் அச்சிட்டிருக்கிறார்கள்.

பழைய பெயரோடு கோப்பைக் கொடுத்தாலும் அது துரத்திவிடுவதில்லை. பழையதற்குப் பதில் புதியதை வைக்கிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போகிறது. வழக்கொழிந்த கட்டளையானால், புறக்கணிக்கிறேன் என்று சொல்கிறது. முற்றிலும் அறியாத சொல்லானால், இடப்பக்கம் இருப்பது தெரியவில்லை என்று எச்சரித்து நின்றுவிடுகிறது. இந்த நிற்றல் அற்பமான விஷயமல்ல. மேற்சொன்ன சுருக்கக் கட்டளைக்கு யாரும் மதிப்புத் தராவிட்டால் அது பூஜ்யம், எதையும் எழுதாது. பெயரை மௌனமாக விழுங்கிவிடும் மென்பொருளானால், வாரக்கணக்கில் ஓடி முடிந்தபின் கையில் அந்தக் கோப்பே இருக்காது.

எச்சரிக்கையை மீறவும் வழி உண்டு. 'மேக்ஸ்வார்ன்' என்று போட்டு, இத்தனை எச்சரிக்கை வரை பொறுத்துக்கொள் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். எனக்கு இது புதிதில்லை. கிளையில் கணினி மறுக்கும் வரவை மேலதிகாரியின் கடவுச்சொல் கடத்திவிடுவதைத் தினமும் பார்க்கிறேன். 2020 ஏப்ரல் 1இல் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காகக் குறைந்தபோது, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 எழுத்தில் முதல் நான்கும் பல கிளைகளுக்கு மாறின. பழையது சில காலம் செல்லும், பிறகு செல்லாது என்பதைப் பழைய காசோலைப் புத்தகத்தோடு வந்து நின்ற ஓய்வூதியக்காரர்களுக்குச் சொல்வது அப்போது கவுண்டர் வேலையாக இருந்தது. அந்தக் கிழவர்களுக்கு 'முன்னர் வழங்கிய பெயர்' என்று அச்சிட்டுத் தர யாருக்கும் தோன்றவில்லை.

சித்தி மகனின் கஷ்டம் வேறு. அவனுக்கு முன் இருந்த மாணவர் 2011இல் 4.5 பதிப்பில் ஓட்டிய கோப்பு ஒன்று அவனிடம் வந்தது. அதை நீட்டித்து ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக்க வேண்டும். நெறியாளர் சொன்னது, மேக்ஸ்வார்ன் போட்டு ஓட்டு என்பதுதான். அவன் ஓட்டவில்லை. மென்பொருள் ஒவ்வொரு முறையும் தானாக எழுதித்தரும் இன்னொரு கோப்பைத் திறந்தான். அதில் நாம் சொன்னவை மட்டுமின்றி, சொல்லாமல் விட்டதற்கு அது என்ன எடுத்துக்கொண்டது என்பதும் வரிவரியாக இருக்கும்.

"அண்ணா, பேர் மாறினதெல்லாம் கத்திக் காட்டிக் குடுக்குது. மாறாதது இங்கதான் இருக்கு" என்றான்.

எந்த அணு எதற்கு அருகில் என்று பட்டியல் போடும் முறையைப் பற்றிப் பழைய கோப்பில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது. அன்று இருந்தது ஒரே முறை, தொகுதி முறை. இரண்டு பட்டியல்களுக்கு இடையில் எல்லைக்குள் நுழைந்துவிடும் அணுவைப் பார்க்க, அதில் இயல்பாக உபரி இடம் விடுவதில்லை. 4.6இல் வெர்லே முறை வந்தது. அது உபரி விடுகிறது. 5.0இல் அதுவே, கேட்காவிட்டாலும் கிடைப்பது என்றாயிற்று. 2020 பதிப்பில் தொகுதி முறையை எடுத்தே விட்டார்கள். புதியது சிறந்தது என்பதில் தகராறு இல்லை. ஆனால் அதே கோப்பு, ஓர் எழுத்து மாறாமல், வேறொன்றைச் சொல்கிறது. பழைய பெயர் என்று அறிவிக்க அங்கே பெயரே இல்லை.

நம் விமர்சனத்தில் 'யதார்த்தம்' இப்படித்தான் புழங்குகிறது. 1950களில் அதை எழுதியவர் எதைச் சொல்லாமலே வைத்துக்கொண்டு எழுதினார் என்று கேட்காமல், இன்றைய உபரியோடு அவரைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறோம். 1978இல் லையும் னையும் தும்பிக்கையை இழந்தபோது எல்லோர் கண்ணிலும் பட்டது, சண்டையும் போட்டோம். சொல்லுக்குள் நடந்ததற்குச் சண்டை ஏது?

அவன் 4.5 பதிப்பைத் தேடியெடுத்து ஒரு பழைய கணினியில் நிறுவி, கோப்பைத் தொடாமல் ஓட்டினான். பிறகு புதிய பதிப்பில், பெயர்களை மாற்றி, மௌனங்களையும் எழுதி, ஓட்டினான். இரண்டு விடையும் ஒன்றல்ல. தள்ளிவிடக்கூடிய வித்தியாசமா என்று இன்னும் கணக்குப் போடுகிறான். இரண்டு கோப்புகளையும் பழைய பெயர், புதுப் பெயர் அருகருகே வர ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறான். எட்டுப் பக்கம். நெறியாளர் அதை நீக்கச் சொல்லியிருக்கிறார். அவன் இதுவரை நீக்கவில்லை.