யாக்கோபின் தலையணையிலே

அமெரிக்காவின் கிழக்குப் பாகத்திலுள்ள மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் மேற்கெல்லையை அண்டிப் பேர்க்சயர் என்னும் குன்றுத்தொடர் கிடக்கின்றது. பொஸ்ரன் நகரிலிருந்து மோட்டார் வண்டியிலே இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம். பெருந்தெருவை விட்டு ஊர்ப்பாதையில் ஏறத் தொடங்கியதும் காற்றிலே குளிர் தட்டுகின்றது. நுவரெலியாவுக்கு ஏறும்போது இறம்பொடையைத் தாண்டியதும் மேலிலே படுமே, அத்தகைய குளிர். ஆனால் இங்கே தேயிலைச் செடிகளுக்குப் பதிலாக மேப்பிள் மரங்களும் பைன் மரங்களும் பாதையின் இருமருங்கும் நெருங்கி நிற்கின்றன. பெக்கற் என்னும் அச்சிற்றூரிலே, ஒரு பழைய கமக்காரன் தோட்டத்தில், உலகறிந்த நடனக்களம் ஒன்று இருக்கின்றதென்று எவரும் சொல்லாவிடின் நம்பமாட்டோம்.

யாக்கோபின் தலையணை என்பது அவ்விடத்தின் பெயர். 1790ஆம் ஆண்டிலே கார்ட்டர் என்னும் குடும்பத்தினர் இக்குன்றின் மேலே குடியேறினர். வளைந்து வளைந்து ஏறிய மலைப்பாதையைக் கண்ட அக்காலத்து மக்கள், விவிலிய வேதத்திலே யாக்கோபு கனவில் கண்ட ஏணியை நினைந்து, யாக்கோபின் ஏணி என்று அதற்குப் பெயரிட்டனர். ஏணி வந்தபின் தலையணையும் வரவேண்டுமன்றோ? கல்லைத் தலைக்கு வைத்தல்லவா யாக்கோபு உறங்கினான்! வீட்டின் பின்புறத்திலே தலையணை வடிவாய்க் கிடந்த பெரும்பாறைக்கு அப்பெயர் பொருந்திவிட்டது. பாறை இன்றும் அங்கேயே கிடக்கின்றது. தெற்கிலிருந்து தப்பியோடிய அடிமைகளுக்கு ஒளிந்து தங்க இடங்கொடுத்த வீடுகளுள் இத்தோட்ட வீடும் ஒன்று என்பர்.

இத்தோட்டத்தை 1931இல் வாங்கியவர் ரெட் ஷோன் என்னும் நடனக்காரர். சமயக் குருவாகும் எண்ணத்தோடு கல்வி பயின்றவர். தொண்டை அடைப்பான் நோயினால் கால்கள் செயலிழந்தன. அவற்றைத் தேற்றும் பொருட்டு ஆடத் தொடங்கியவர், பின்னர் ஆட்டத்தை விடவேயில்லை. ரூத் சென்ற் டெனிஸ் என்னும் நடனமாதை மணந்து, இருவருமாக 1915இல் டெனிஷோன் பள்ளியை நிறுவினர். மார்தா கிரகம், டோறிஸ் ஹம்ஃப்ரி, சாள்ஸ் வைட்மன் ஆகிய மூவரும் அப்பள்ளியிலே வளர்ந்து, பின்னர் அதனோடு முரண்பட்டு வெளியேறியே இன்று நவீன நடனம் எனப்படுவதை உருவாக்கினர். மாணவர் ஆசிரியரை விட்டு வெளியேறுவதும் ஒருவகைக் குருதட்சணைதான் போலும்.

நாம் சென்றது ஒரு கோடைகாலத்திலே. ரொறன்ரோ நகரிற் பிறந்து, அங்கே பரதநாட்டியம் பயின்று அரங்கேற்றமும் செய்த எம் தமையனார் மகளும் உடன் வந்திருந்தாள். கோடையிலே உலகத்தின் நாலா திசைகளிலுமிருந்து நடனக் குழுக்கள் அங்கு வந்து ஆடுகின்றன. அவற்றோடு கூடவே இளம் மாணவர்களுக்குப் பயிற்சிக் களங்களும் நடைபெறுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது இருபத்தைந்து பேர் ஒரு தொகுதியாகச் சேர்ந்து, இரண்டு மூன்று வாரங்கள் அத்தோட்டத்திலேயே தங்கி, காலை முதல் மாலைவரை ஆடுகின்றனர். பார்வையாளர் வகுப்புகளை இருந்து பார்க்க இடமுண்டு. வந்தவர்கள் பலரும் ஏதேனும் ஒரு முறையிலே பல ஆண்டுகள் பழகியவர்கள். பலேயிலே ஊறியவர் சிலர், நவீன நடனக்காரர் சிலர், நாடக அரங்குகளுக்கான ஜாஸ் ஆட்டத்தில் வல்லவர் சிலர். தமக்குப் பழக்கமில்லாத முறையிலே அவர்கள் உடலை வளைக்க முயலும்போதுதான் பார்க்கவேண்டும்!

பலேயின் வேலையெல்லாம் மண்ணை மறுப்பது. முதுகெலும்பு நிமிர்ந்து மேலே இழுக்க, கால்விரல் நுனியிலே உடல் நிற்கின்றது. பாரமே இல்லாததுபோலத் தோன்றவேண்டும். நவீன நடனமோ மண்ணை நாடுவது. வயிற்றைச் சுருக்கி மூச்சை வெளிவிட்டு, பின்னர் தளர்த்தி எழுவது கிரகம் அம்மையாரின் முறை. நிலைகுலைந்து விழுந்து, விழுந்த வேகத்தினாலேயே மீள்வது ஹம்ஃப்ரி அம்மையாரின் முறை. ஜாஸ் ஆட்டம் வேறொரு சங்கதி. அங்கே கழுத்து, தோள், மார்புக்கூடு, இடுப்பு ஒவ்வொன்றும் மற்றதை அசைக்காமல் தனித்தனியே அசையவேண்டும். அடியும் தாளம் விழும் இடத்தில் விழாது. சற்று முன்னோ பின்னோ விழும். எம்மவர் அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்பதற்கு இது ஒருவாறு நெருங்கியது. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் சந்ததியார் வளர்த்த செல்வம் அது.

ஒரு காலை ஜாஸ் வகுப்பிலே, பலேயிற் சிறந்த பயிற்சி பெற்ற பெண்ணொருத்தியை நாம் கவனித்தோம். காலைத் தூக்கினால் காது வரை செல்லும், சுழன்றால் பம்பரந்தான். ஆயினும் முழங்காலை மடித்து உடலின் பாரத்தைக் கீழே இறக்கச் சொன்னபோது அவளால் முடியவில்லை. இறங்குவாள், மறுகணமே உடல் தானாக மேலெழும். ஆசிரியர் அருகில் வந்து, தோளிலே மெல்லக் கைவைத்து, தரை உம்மை விழவிடாது, அதனை நம்பும் என்ற பொருள்படச் சொன்னார். பத்தாண்டுகளாக விழக்கூடாதென்று கற்ற உடலுக்கு அது எளிதன்று. வகுப்பு முடிந்து மற்றவர்கள் கால்களுக்குப் பனிக்கட்டிப் பொட்டலங்கள் கட்டிக்கொண்டிருக்க, அவள் மாத்திரம் கண்ணாடியின் முன்னே நின்று இறங்குவதும் எழுவதுமாயிருந்தாள். கண்களில் நீர் ததும்பியிருந்தது. கற்றது தடையாகும் வேளை எந்த மாணவருக்கும் வருவதுதான், பார்த்துக்கொண்டிருப்பது கடினமாயிருந்தது.

ஆண் பிள்ளைகள் பலர் அங்கே ஆடினர் என்பதையும் சொல்லவேண்டும். நடனம் ஆண்மகனுக்கு ஏற்ற தொழிலன்று என்று எண்ணிய நாட்டிலே, 1933இல் ஷோன் ஆடவரை மட்டும் கொண்ட குழுவொன்றை அமைத்தார். அவ்விளைஞர்கள் காலையில் ஆடினர். மீதி நேரத்தில் காடு வெட்டினர், கல் அடுக்கினர், குடில் கட்டினர். அயலூரார் பார்க்க வந்தால் தாமே தேநீரும் பரிமாறினர். ஏழாண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடி, 1940இலே குழு கலைந்தது. ஆடற் கலையின் தேவனையே ஆணாக நிறுத்திக் கும்பிடும் நாம், ஆட விரும்பும் மகனைக் கணக்கியல் படிக்க அனுப்புகின்றோம். அதுபற்றி இங்கே விரிப்பானேன்.

1942 யூலை மாதத்திலே ஷோனின் பெயர் தாங்கிய அரங்கு திறக்கப்பட்டது. நடனத்துக்கென்றே அமெரிக்காவிற் கட்டப்பட்ட முதல் அரங்கு அது. யுத்த காலமாதலால் பெற்றோலுக்கும் ரயருக்கும் பங்கீடு. பார்க்க வந்தவர்களிற் சிலர் நடந்தும், சிலர் குதிரையிலும் மலையேறினர். வைக்கோற் கொட்டகை போன்ற மரக்கட்டடம். மேடையின் பின்கதவுகளைத் திறந்தால் காடே திரைச்சீலையாகிவிடும். தோட்டத்திலிருந்த மற்றோர் அரங்கு 2020 நவம்பரில் தீக்கிரையாகி, 2025இலே புதிதாக எழுந்தது. எமக்கோ இவ்விரண்டையும்விட, மலைச்சரிவை நோக்கி வெளியிலே அமைந்த மேடைதான் பிடித்தது. சாயந்தர வெயிலில் புற்றரையிற் குழந்தைகளோடு குடும்பங்கள் அமர்ந்திருக்க, மாணவர்களும் அம்மேடையில் ஆடுகின்றனர்.

பலே, நவீனம் என்பவற்றோடு பிறநாட்டு நடனங்களையும் மாணவர் பயிலவேண்டும் என்பது ஷோனின் கொள்கை. அவரும் துணைவியாரும் 1925, 1926ஆம் ஆண்டுகளிலே கீழைத்தேசமெங்கும் சுற்றியபோது இலங்கைக்கும் வந்தனர். சிவனின் நடனம் என்றொரு தனியாட்டத்தை 1926இல் ஷோன் ஆடினார். அதே காலத்தில் எம் நாட்டவராகிய ஆனந்த குமாரசுவாமி, இதே மாநிலத்தின் தலைநகரான பொஸ்ரனில், அரும்பொருட்சாலையிலே பணிபுரிந்துகொண்டிருந்தார். சிவ நடனத்தைப் பற்றிய அவரது நூல் 1918இலேயே வெளிவந்துவிட்டது.

ஆனால் பிறநாட்டு நடனத்தை இங்கே ஒழுங்காகக் கற்பித்தவர் லா மெரி என்னும் அமெரிக்க மாது. 1930களின் பிற்பகுதியிலே இந்தியாவுக்கு வந்து, பாபநாசம் வடிவேலு பிள்ளையிடமும் மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடமும் நடனம் பயின்றார். கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலுக்குரிய நடன மரபில் வந்தவர். ருக்மிணி தேவிக்கும், பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. ஊர் திரும்பிய லா மெரி தாம் கற்றதைப் பலருக்குக் கற்பித்தார். அன்னப்பறவைகளின் கதை கூறும் புகழ்பெற்ற பலே நாடகத்தை 1944இலே எம் நடன முறையில் ஆடிக்காட்டியதும் அவர்தான்! அவரிடம் பரதம் பயின்றவர்களுள் ஜக் கோல் ஒருவர். ஷோனின் ஆடவரோடும் சிறிதுகாலம் ஆடியவர். தாம் கற்ற அடவுகளை ஜாஸ் வாத்தியத்துக்கு இசைத்து, நியூயோர்க்கின் இரவு விருந்துச் சாலைகளிலே ஆடினார். அரைமண்டிபோல் தாழ்ந்த நிலை, சுந்தரி என நாம் சொல்லும் கழுத்தசைவு, கூர்மையாக நின்றுவிடும் கைகள் ஆகிய யாவும் அவர் ஆட்டத்திற் புகுந்தன. பின்னர் ஹொலிவூட்டுக்குச் சென்று மெரிலின் மன்றோவுக்கும் ஆட்டம் அமைத்தார். நாடக அரங்கின் ஜாஸ் நடனத்துக்கு அவரையே தந்தை என்கின்றனர்.

ஆகவே, அந்தப் பெண் கண்ணாடியின் முன்னே நின்று இறங்கப் பழகிய இறக்கத்தில், ஆபிரிக்க மக்களின் கொடையோடு மயிலாப்பூர்க் கோயில் வாசலின் கொடையும் ஒரு துளி கலந்திருக்கின்றது. சென்னை மாகாணத்திலே 1947இன் சட்டம் கோயில் நடனத்துக்கு முடிவு கட்டியது. கௌரி அம்மாள் முதுமையிலே வறுமையில் வாடினார். அவரது அடவு மாத்திரம் பெயரில்லாமற் கடல் கடந்து போயிருக்கின்றது.

பெயரோடு வந்த ஒருவரும் உண்டு. 1962ஆம் ஆண்டிலே பாலசரஸ்வதி தம் பக்கவாத்தியக்காரரோடு இக்குன்றின்மேல் வந்து ஆடினார். அவர் பலேயும் பயிலவில்லை, ஜாஸும் பயிலவில்லை. ஒன்றையே ஆழத் தோண்டியவர். அவ்வாண்டிலே எடுத்த படம் இங்கே பாதுகாக்கப்படுகின்றது. ஆவணக் கொட்டகையிலே, கண்ணனை வருமாறு அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அவர் அபிநயம் செய்வதை நாம் பார்த்தோம். துள்ளல் இல்லை, சுழற்சி இல்லை. வயதில் நாற்பதைக் கடந்த, பருத்த மேனியுள்ள ஓர் அம்மையார் நின்ற இடத்தில் நின்று, ஒரு கையாலும் இரு கண்களாலும் குழந்தையைக் கூப்பிடுகின்றார். ஜக் கோல் அடவை எடுத்துக்கொண்டார், இதனை எடுக்கவில்லை. எடுக்கத்தான் முடியுமா என்பதும் ஐயமே. எமக்குப் பின்னே வந்து நின்ற மாணவர் மூவர், வகுப்புக்கு நேரமாகியும் படம் முடியும்வரை அசையவில்லை.

பலவற்றைக் கற்பது நல்லதா, ஒன்றிலே ஊன்றி நிற்பது நல்லதா என்று எம் தமையனார் மகள் அன்று முழுவதும் எம்மோடு வாதாடினாள். "சித்தப்பா, அவ பலே படிச்சிருந்தா இப்பிடி நிண்டிருப்பாவோ?" என்று கேட்டாள். நின்றிருக்கமாட்டார் என்றே நாம் எண்ணினோம். ஆனால் இக்குன்றிலே பலவும் பயிலும் ஏற்பாடு இருந்திராவிடில், அவரை அழைத்து ஆடவைக்க இம்மேடை இருந்திருக்குமா என்று திருப்பிக் கேட்டோம். அவள் விடை கூறவில்லை.

மறுநாள் மதிய உணவு வேளையிலே, மேப்பிள் நிழலில் சில மாணவிகள் அவளைச் சூழ்ந்துகொண்டனர். அந்தப் பலே மாணவியும் வந்தாள். பலேயிலும் முழங்காலை மடிப்பதுண்டு, பாதங்களை வெளிப்புறம் திருப்புவதுமுண்டு; பிளியே என்பர். ஆனால் அது துள்ளுவதற்கான ஆயத்தம். மடித்த கால் உடனே நிமிர்ந்துவிடும். எம் பெண் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டுப் புல்லிலே அரைமண்டியில் இருந்தாள். தட்டடவு, நாட்டடவு என்று வரிசையாகச் செய்தாள். தலையின் உயரம் மாறவேயில்லை. எப்போது எழும்புவாய் என்று அந்த மாணவி கேட்டாள். "எழும்பிறதில்லை, இதுக்குள்ளே இருந்துதான் ஆடுறது" என்பதை எம் பெண் ஆங்கிலத்திலே சொன்னாள். மாணவியும் அருகில் வந்து இருந்து பார்த்தாள். தொடைகள் நடுங்கின, ஓரிரு தடவை உடல் மேலெழ முயன்றது. எம் பெண் அவள் முழங்கால்களைக் கையாற் பிடித்துப் பக்கவாட்டில் விரித்துவிட்டு, நிலத்திலே தட்டித் தாளம் போட்டாள். முதற் காலத்திலே எட்டுத் தட்டு. பின் இரண்டாங் காலம். அதற்குள்ளே பிற்பகல் வகுப்புக்கான நேரம் வந்துவிட, புல்லொட்டிய வெறுங்காலோடு மாணவிகள் எல்லோரும் பயிற்சிக் கூடத்தை நோக்கி ஓடினர்.