சூடு போகும் வழி

அம்பாசிடர் காரை வாங்கியவர்கள் பலர் அதை வாங்கிய நிலையிலேயே வைத்திருக்கவில்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்த வண்டி, 2014இல் உற்பத்தி நின்றுபோகும்வரை உருவத்தில் பெரிதாக மாறவில்லை. மாற்றங்கள் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில்தான் நிகழ்ந்தன. பெட்ரோல் விலை ஏற ஏற, வாடகைக்கு வண்டி ஓட்டியவர்கள் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கிடைத்த டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள்.

என் தந்தையும் அப்படிச் செய்தவரே. 1990களில் பழைய மட்டடோர் வேன் ஒன்றின் எஞ்சினை வாங்கிப் பொருத்தி, பதிவுப் புத்தகத்திலும் எரிபொருளை முறைப்படி மாற்றிக்கொண்டார். பசுமலையிலிருந்து கல்யாண வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஓடிய அந்த வண்டியின் வருமானத்தில்தான் நான் தமிழ் முதுகலை படித்தேன். அவர் மறைந்தபின் வண்டி என்னிடம் வந்தது. கூடவே அதன் நோயும் வந்தது. பழங்காநத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் பத்து நிமிடம் நெரிசலில் ஊர்ந்தால் போதும். முள் சிவப்புக் கோட்டைத் தொடும், ரேடியேட்டர் மூடியோரம் ஆவி சீறும்.

எடைக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இக்காலத்துக் கார்களில் குனிந்து, உள்ளே சரிந்து அமர அவரால் இயலாது. அம்பாசிடரின் உயர்ந்த இருக்கையில் மட்டும் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து எழுவார். ஆண்டிபட்டிக்கு அப்பால் இருக்கும் குலதெய்வம் கோயிலுக்கு ஆண்டுக்கொரு முறை அவர் போய்வருவது இந்த வண்டியை நம்பித்தான்.

எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய வெப்பத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துசென்று ரேடியேட்டரில் இறக்க, விசிறி இழுக்கும் காற்று அதை வெளியே கொண்டுபோகிறது. மூடியின் அழுத்தம் உள்ளிருக்கும் தண்ணீரை நூறு டிகிரி கடந்தும் கொதிக்கவிடாமல் வைத்திருக்கும். ஆதலால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், தண்ணீர் பீறிட்டு முகத்தை வேக வைத்துவிடும்.

மூன்று பட்டறைகள் ஏறி இறங்கினேன். முதலாமவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, மதுரை வெயிலுக்கு இது எதற்கு என்றார். இரண்டாமவர் வாட்டர் பம்பை மாற்றி, ஆழ்குழாய்த் தண்ணீர் ரேடியேட்டரில் படியவிட்ட உப்பைக் கழுவிவிட்டார். மூன்றாமவர் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லி, வண்டியின் விலையை விஞ்சும் ஒரு தொகையைச் சொன்னார். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வரவில்லை. எஞ்சின் ஆயிலும் பால்போல் வெளுக்கவில்லை. அவர் சொன்னதை நம்ப மனம் ஒப்பவில்லை.

நான்காவதாகப் போனது, திருப்பரங்குன்றம் சாலையோரம் ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கும் முதியவர் ஒருவரிடம். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

“சார், ஓடுறப்பக் கொதிக்குதா, நிக்கிறப்பக் கொதிக்குதா?”

“நிக்கும்போதுதாண்ணே. நாலுவழிச் சாலையில எம்பது கிலோமீட்டர் வேகத்துல போனா ஒண்ணும் ஆகுறதில்லை.”

“அப்பத் தண்ணி சுத்தமாத்தான் ஓடுது. காத்துத்தான் வரல.”

வேகமாகப் போகையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கையில் விசிறியின் இழுப்பு மட்டுமே கதி. எஞ்சினை ஓடவிட்டு, தினத்தாள் ஒன்றை ரேடியேட்டரின் முகப்பில் வைத்தார். இழுப்பு இருந்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது வழுக்கிக் கீழே விழுந்தது. வேன் எஞ்சின் பழைய எஞ்சினைவிடப் பின்தள்ளி அமர்ந்திருந்தது. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எஞ்சினைச் சுற்றிக்கிடந்த வெக்கையையே விசிறி திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருந்தது. தகரத்தை வளைத்து, விசிறியைச் சூழ்ந்து ரேடியேட்டரோடு சேரும் ஒரு கூடு செய்து பொருத்தினார். அரை நாள் வேலை. மறுபடி தாளை வைத்தபோது அது பசைபோட்டதுபோல் ஒட்டி நின்றது. தெர்மோஸ்டாட்டையும் வாங்கி மாட்டச் சொன்னார்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நோயைத் தணிப்பதற்கு முன் நோயின் மூலத்தைத் தேடும் வைத்தியரை அன்று நேரில் பார்த்தேன். முந்தைய மூவரும் உறுப்புகளை ஆராய்ந்தார்கள். இவர் நோய் வரும் வேளையை விசாரித்தார். பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து வைப்பது ஒரு வேலை. அது கக்கும் சூட்டுக்கு வழி அமைப்பது வேறொரு வேலை. எஞ்சினைப் பொருத்தியவர்கள் இரண்டாவது வேலையைச் செய்யவேயில்லை. தந்தை இருபது ஆண்டுகள் டிக்கியில் தண்ணீர்க் கேனோடு அதைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே கோயிலுக்குப் புறப்பட்டோம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டாம் கியரில் ஏறினோம். முள் நடுவிலேயே நின்றது. மேட்டின் உச்சி நெருங்கியதும் அம்மா கேட்டார்: “ஏப்பா, தண்ணி ஊத்த நிறுத்தலையா? அப்பா இங்கதான நிறுத்துவாரு.”

தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், வண்டியைச் சாலையோர வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.