வழுக்கும் சாலையும் வண்டியின் காவலும்

எம் பெரிய தந்தையாரின் மகனார் பெங்களூரில் தொழில் புரிகின்றார். சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் அவர் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குப் புதியதொரு மோட்டார் ஊர்தியில் வந்து சேர்ந்தார். புதியது என்றது எம் கண்களுக்கே. அவருக்கு முன்னர் வேறொருவர் அதனைச் சில ஆண்டுகள் ஓட்டியிருந்தார். விரைவுக்கென்றே செய்யப்பெற்ற வகை, 230 குதிரைத்திறன், முன்சக்கரங்கள் இரண்டே இழுப்பவை. இலக்கண நூல்களோடு காலங்கழிக்கும் எமக்கு இயந்திரங்களோடு உறவு குறைவு. ஆயினும், “வா மக்கா, கீரிப்பாறை வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்” என்று அண்ணன் அழைத்தபொழுது மறுக்க மனம் வரவில்லை.

தடிக்காரன்கோணத்தைக் கடந்தபின் சாலையின் இருமருங்கும் ரப்பர் மரங்கள். மழை சற்று ஓய்ந்திருந்தது; உதிர்ந்த இலைகள் ஈரத்தோடு சாலையில் ஒட்டிக் கிடந்தன. அண்ணன் ஒரு பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தார். முகப்பில் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. அஃது யாதென வினவினோம்.

“எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். நல்ல வண்டிக்குப் போட்ட விலங்கு. அதைக் கழற்றிவிட்டேன்” என்றார்.

இரண்டாம் வளைவிலே விலங்கில்லாத வண்டியின் இயல்பை அறிந்தோம். வேகம் மிகுதியென்று கண்ட அண்ணன், வளைவின் நடுவே காலைச் சட்டென்று எடுத்தார். வண்டியின் பாரம் முன்னே சாய்ந்தது. பின்சக்கரங்கள் பிடி தளர்ந்தன. பின்புறம் எங்களை முந்திச் செல்ல விழைந்தது போலச் சுழன்றது. கண் திறந்து பார்த்தபொழுது, வந்த திசையை நோக்கி நின்றிருந்தோம். பின்சக்கரம் ஒன்று ஓடையில் இறங்கியிருந்தது. ஒரு முழத்திற்கப்பால் ரப்பர் மரம். அதன் சிரட்டையில் மழைநீர் தளும்பிற்று. இருவரும் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் இதே வண்டியில் மதினியும் கைக்குழந்தையும் பெங்களூர் திரும்ப வேண்டும் என்பதே எம் நெஞ்சில் நின்றது.

அன்றிரவு முதல் இக்கருவியைப் பற்றிக் கற்கலானோம். பிரேக்கை அழுத்தும்பொழுது சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் முறையைப் பாஷ் நிறுவனத்தார் 1978-இல் கொணர்ந்தனர். அதன்மேல் எழுந்ததே இது. 1995-இல் மெர்சிடிஸ் எஸ் 600 கூபே என்னும் ஊர்தியில் முதன்முதல் இடம்பெற்றது. 1997-இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகையார் ஒருவகைச் சோதனை நிகழ்த்தினர். காட்டு விலங்கு குறுக்கே வந்தாற்போலச் சட்டென விலகி ஓட்டுவது அது. அதில் மெர்சிடிசின் சிறிய ஏ வகை வண்டி கவிழ்ந்தது. அதன்பின் அந்நிறுவனத்தார் அச்சிறு வண்டிக்கும் இக்கருவியைப் பொருத்தலாயினர்.

அஃது இயங்கும் வகை, மாட்டு வண்டி ஓட்டியவர்க்கு எளிதில் விளங்கும். வண்டியை வலப்புறம் திருப்ப வேண்டின் வலக்காளையை இழுத்துப் பிடிப்பர். இங்குக் காளைக்கு ஈடாகச் சக்கரம். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகின்றது என்னும் இரண்டையும் நொடிக்கு 25 முறை ஒப்பு நோக்குகின்றது அக்கருவி. இடப்புற வளைவில் பின்புறம் வீசுமாயின், வலப்புற முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். வண்டி திரும்பாமல் வெளிப்புறம் சறுக்குமாயின், இடப்புறப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். எஞ்சினின் விசையையும் குறைக்கும். எத்துணை வல்ல ஓட்டுநராயினும் அவர் காலடியில் பிரேக்கு ஒன்றே உண்டு; நான்கு சக்கரங்களையும் தனித்தனியே பிடிக்க அவரால் இயலாது.

அண்ணன் இலகுவில் உடன்படவில்லை. “பார்முலா ஒன் வண்டியில் இது உண்டாலே?” என்றார். இல்லைதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடாது. எதிரே பேருந்தும் வாராது. அவர் கூற்றில் நியாயமும் இருந்ததை மறைத்தல் தகாது. வளைவினின்று வெளியேறும்பொழுது விசையைப் பறித்துக்கொள்ளும் கருவி, தேர்ந்த கையினருக்கு எரிச்சலூட்டும். அதனாலன்றோ 2004-இல் வெளிவந்த பெராரி எப்430 ஊர்தியில், காவலைப் படிப்படியாகத் தளர்த்தும் திருகை ஸ்டியரிங்கிலேயே வைத்தனர்! மற்றொன்றும் அறிந்தோம். முன்சக்கரம் இழுக்கும் விரைவூர்திகள் பலவற்றில், வளைவின் உட்புற முன்சக்கரத்தை மெல்லப் பிடித்து வண்டியை உள்ளே திருப்பித் தருவதும் இதே பிரேக்கு ஏற்பாடுதான். இதைக் கேட்டபொழுது அண்ணன் முகம் சற்று மாறிற்று.

பின்னொரு நாள், தோவாளைப் பக்கம் உறவினர் ஒருவரின் செங்கற்சூளைக் களத்திற்குச் சென்றோம். மழைக்காலமாதலின் வேலை நின்றிருந்தது; களம் கெட்டியான சரளை. முதலில் காவலோடு வட்டமாக ஓட்டினார் அண்ணன். காலை எடுத்ததும் மஞ்சள் விளக்கு சிமிட்டியது. அடியில் கறகறவென்று ஓர் ஒலி. வண்டி சிறிது நெளிந்து நேரானது. காவலின்றி ஓட்டியபொழுது, அதே வேகத்தில், அதே இடத்தில், பின்புறம் வீசிச் சுழன்றது. மும்முறை பார்த்தோம். நான்காம் முறை வேகத்தைக் கூட்டினார். இம்முறை விளக்கு எரிந்தது, ஒலியும் எழுந்தது; ஆயினும் வண்டி வட்டத்தைவிட்டு நெடுந்தூரம் வெளியே சறுக்கிச் சென்றது. வேகம் 40 கிலோமீட்டரினின்று 60 ஆயின், அதே வளைவுக்கு வேண்டிய பக்கவிசை இரண்டேகால் மடங்காகும். அவ்விசையைத் தருவது டயரும் தரையுமே. இருக்கும் பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கவே கருவி வல்லது. இல்லாத பிடியை எங்கிருந்து கொணரும்?

அப்பொழுதுதான் இருவரும் குனிந்து டயர்களைப் பார்த்தோம். முன்னிரண்டும் புதியன. பின்னிரண்டிலும் பள்ளங்கள் தேய்ந்து, விரல் நகம்கூடப் பதியவில்லை. முன்னவர் புதியவற்றை முன்னே மாட்டிப் பழையவற்றைப் பின்னே விட்டிருந்தார் போலும். கீரிப்பாறைச் சாலையில் எங்களைச் சுழற்றியதில் பாதிப் பங்கு அவற்றிற்குரியது.

அண்ணன் குடும்பத்தோடு புறப்பட்ட காலையிலும் மழை தூறியது. முந்தின நாளே நாகர்கோவிலில் பின்டயர் இரண்டையும் மாற்றியிருந்தார். எஞ்சினை முடுக்கியதும் அம்மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. “அது என்ன விளக்கு?” என்று மதினி வினவினார். அண்ணன் எம்மை ஒருமுறை பார்த்தார். பொத்தானின் பக்கம் கை செல்லவில்லை. வண்டி ஆரல்வாய்மொழிச் சாலையில் மெல்லத் திரும்பிற்று.