தட்டு வெளியே வருகிறதா?

டிவிடி டிரைவ் காணாமல் போய்விட்டது என்று யார் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தாலும், நான் முதலில் கேட்பது இதைத்தான். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறதா? "வருதுங்க, மை கம்ப்யூட்டர்லதான் காட்ட மாட்டேங்குது" என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. டிரைவுக்கு மின்சாரம் போகிறது. இனி பார்க்க வேண்டியது டேட்டா கேபிள், பயாஸ், விண்டோஸ் மூன்றையும்தான். தட்டே அசையவில்லை என்றால் விண்டோஸ் பக்கம் போகவே வேண்டாம். கேபினெட்டைத் திறந்து மின்வயரைப் பார்க்க வேண்டும்.

டிரைவ் எந்தப் படியில் மறைகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். "ஃபார்மேட் போட்டுடலாங்க" என்பது எங்கள் தொழிலில் சட்டென்று வாயில் வந்துவிடும் பேச்சு. ஹார்ட் டிஸ்கில் இருந்த குடும்பப் படங்கள் அந்தப் பேச்சில் அழிந்த வீடுகள் உண்டு. டிரைவ் மறைந்ததற்கு விண்டோஸ் காரணமாகவே இல்லாத நேரத்தில் அது எவ்வளவு பெரிய அநியாயம்!

மின்சாரம் சரியென்றால் அடுத்தது, விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ். கம்ப்யூட்டர் எழும்போதே டெலீட் பட்டனைத் தட்டி உள்ளே போனால், டிரைவின் பெயர் அங்கே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அங்கும் இல்லையென்றால் கேபிளைக் கழற்றி, முனையைத் துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிவீடுகளிலிருந்து வரும் கேபினெட்டுகளைத் திறந்தால் பஞ்சுத் தூசு மெத்தை போலப் படிந்திருக்கும். கோழிப்பண்ணை வீடுகளில் தீவனத் தூள். இந்தத் தூசு லென்ஸை மறைத்தால் டிரைவ் தெரியும், டிஸ்க்கைத்தான் படிக்காது. அது வேறு நோய், மருந்தும் வேறு. ஆனால் கொண்டு வருகிறவர்கள் இரண்டையும் 'டிரைவ் போச்சு' என்றுதான் சொல்வார்கள்.

அகலப் பட்டைக் கேபிள் கொண்ட ஐடிஇ டிரைவ் என்றால் பின்பக்கத்து ஜம்பரையும் பார்க்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை அதே கேபிளில் சேர்த்து மாட்டியிருப்பார்கள். ஜம்பரில் இரண்டையும் மாஸ்டர் என்று வைத்திருந்தால் ஏதோ ஒன்று மறையும், சில நேரம் இரண்டுமே மறையும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2006-இல் இன்டெல் தன் ஐசிஎச்8 வரிசைச் சிப்பிலிருந்து ஐடிஇ வசதியை எடுத்துவிட்டது. அதற்குப் பின் வந்த பல போர்டுகளில் அந்த இணைப்பைத் தருவது தனியாக ஒட்டிய ஒரு குட்டிச் சிப். பயாஸில் அந்தச் சிப்பை அணைத்துவைக்க ஒரு வரி இருக்கும். போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து பயாஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பும்போது, சில போர்டுகளில் அந்த வரியும் மாறிவிடும். கம்ப்யூட்டரில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது, இருந்து இருந்து மறைகிற டிரைவ்தான். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து அப்படி ஒன்று வந்தது. பயாஸில் பெயர் இருந்தது, விண்டோஸிலும் இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டு அம்மாதான் வழி காட்டினார். "சும்மா இருந்தா இருக்குதுங்க தம்பி. கல்யாண சிடியைப் போட்டாத்தான் காணாமப் போகுது." டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் டிரைவ் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் வர வேண்டும். ஐந்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம். மல்டிமீட்டரை மஞ்சளில் வைத்து டிஸ்க்கைப் போட்டேன். முள் 11-க்கும் கீழே இறங்கியது, டிரைவ் மறைந்தது. டிரைவில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கியிருந்தன. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் கல்யாணம் முழுவதும் தடையில்லாமல் ஓடியது.

இந்தப் பக்கத்துப் பழைய எஸ்எம்பிஎஸ்கள் கொஞ்சமா பட்டிருக்கின்றன? 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. வரும்போது துள்ளிக்கொண்டு வரும். அதோடு சேலத்துச் சித்திரை வெயில். வெப்பம்தான் கெப்பாசிட்டரை உலர்த்திக் கொல்வது.

டிரைவின் பெயர் பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிரைவின் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியும் 19, 31, 32, 39, 41 என்ற எண்களில் ஒன்றும் இருந்தால், பெரும்பாலும் டிஸ்க் எழுதும் சாஃப்ட்வேர் ஏதோ ஒன்று விட்டுச் சென்ற மிச்சம்தான் காரணம். ரெஜிஸ்ட்ரியில் 4டி36இ965 என்று தொடங்கும் கிளாஸுக்குள் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இரண்டு பதிவுகள் இருக்கும். அந்தக் கிளாஸை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் திரும்பி வரும். எண்ணை இருமுறை படியுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 967 ஹார்ட் டிஸ்க்குகளுக்கு உரியது. அங்கேயும் அப்பர்ஃபில்டர்ஸ் இருக்கும். அதை அழித்தால் விண்டோஸ் எழாது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தபோது பலர் அதே கம்ப்யூட்டரில் 10-க்கு மாறினார்கள். அந்த மாற்றத்திலும் டிரைவ் மறைவதுண்டு. ரெஜிஸ்ட்ரியில் அட்டாபி என்பதன் கீழ் கன்ட்ரோலர்0 என்ற கீயை உருவாக்கி, அதில் எனும்டிவைஸ்1 என்ற பதிவுக்கு 1 என்று மதிப்புக் கொடுக்கச் சொல்வது மைக்ரோசாஃப்டே தந்த வழி.

டிரைவ் உண்மையிலேயே செத்து, டிஸ்க் உள்ளே மாட்டியிருந்தாலும் நெம்ப வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்து, முகப்பில் உள்ள சிறு துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக அழுத்தினால் தட்டு வெளியே வரும்.

இவ்வளவு பாடும் எதற்கு, யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கினால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. தீரும், வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பலவீனமான கம்ப்யூட்டர் அடுத்து ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோகும்.

அதைவிட அவசரம் டிஸ்க்குகளுக்கு. இந்த ஊர்களில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம் பலவும் ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த சிடி, டிவிடியில்தான் இருக்கின்றன. அந்தத் தகட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதை வெளிறச் செய்யும், வெளிறிய பிறகு எந்த டிரைவாலும் படிக்க முடியாது. ஆகவே டிரைவ் திரும்பி வந்த அன்றைக்கே, வீட்டில் இருக்கும் எல்லா டிஸ்க்குகளையும் ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.