சரளை மண்ணும் நம்ம ஊர் ஹாக்கியும்

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. நீ பெர்த்தில் ஹாக்கி அணியில் சேர்ந்த செய்தி படித்து வீடே பூரித்துப்போனது. ஆனால், கூட ஆடுகிற பிள்ளைகள் உனக்கு எந்த ஊர் என்று கேட்டதைச் சொல்லி, "கோவில்பட்டின்னு சொல்லலாமா தாத்தா? நான் அங்க பிறக்கவும் இல்ல, வளரவும் இல்லையே" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன் ஆச்சி ரொம்ப நேரம் பேசவே இல்லை.

நம்ம கோவில்பட்டி இருக்கிற தூத்துக்குடி மாவட்டம் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு முத்தும் உப்பும் துறைமுகமும்தான். நாமோ கரிசல்காட்டுக்காரர்கள். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் விதைப்போம். மழை பொய்த்த வருஷத்தில் தீப்பெட்டி ஆபீஸ் சோறு போடும். வெள்ளாமை வீடு வந்துவிட்டால் காடு வெறிச்சோடிவிடும். அந்தக் கோடைதான் எங்களுக்கு ஹாக்கிக் காலம்.

கரிசலில் ஹாக்கி ஆட முடியாதம்மா. வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும்; மழையில் காலை விடாது. வண்டி வண்டியாகச் சரளை கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்துத்தான் மைதானம் ஆக்குவோம். அதிலும் பந்து ஒரு கல்லில் பட்டால் முழங்காலுக்குத் தாவும். அதனால் பந்தைவிட்டுக் கண் நகராது. இடது கையை இறக்கி, மட்டையைத் தரையோடு சாய்த்து, கடைசி நொடியில் மணிக்கட்டை லேசாகத் தளர்த்தினால் பந்து மட்டையிலேயே ஒட்டி நிற்கும். என் முழங்கால் தழும்பைச் சின்னப்பிள்ளையில் தடவித் தடவிப் பார்ப்பாயே, அது இதைப் பழகும்போது வாங்கியது.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. 1928-லிருந்து பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அந்தத் தரை நம்ம ஊர் கிருஷ்ணா நகர் மைதானத்துக்கு வந்துசேர ஏறத்தாழ நாற்பது வருஷம் ஆனது. அத்தனை காலமும் சரளையிலேயே பையன்களைத் தேற்றியவர்கள் பி.டி. வாத்தியார்களும், வேலை முடிந்து வந்து பழக்கிவிட்ட பழைய ஆட்டக்காரர்களும்தான். தரை அரசாங்கம் போட்டது. ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன முறை நீ வந்திருந்தபோது இங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நாடு முழுவதிலுமிருந்து அணிகள் வந்திருந்தன. கூப்பிட்டேன், வெயில் என்று நீ வரவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். 2022 ஆசியக் கோப்பைக்கு ஜகார்த்தா போய் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இரண்டு தமிழ்ப் பையன்கள். மாரீஸ்வரன் சக்திவேல் நம்ம ஊர். கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். இங்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகியவர். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்டபோது, "நம்ம பையன்" என்றுதான் டீக்கடையே எழுந்து நின்றது. அரியலூர் என்று ஒருத்தரும் பிரித்துப் பேசவில்லை.

இந்த ஊரில் ஆடியவரை ஊர் தன் பிள்ளையாக்கிக்கொள்ளும். நீ இன்னும் இங்கே ஆடவில்லை, அவ்வளவுதான். கோவில்பட்டி என்றே சொல்லு. வருகிற மே மாதம் மட்டையோடு வா. காலையில் ஐந்து மணிக்கு நானே மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

ஆச்சி கடலைமிட்டாய் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
தாத்தா