பெற்ஸ்வால் வில்லையும் ஒரு முகமும்

ஒளிப்படக் கலை 1839ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் உலகறிய வெளிப்பட்டபொழுது, கட்டடங்களும் சிலைகளுமே அதற்கு ஏற்ற பொருள்களாயின. அவை பல நிமிடம் அசையாதிருக்கும், மனிதர் இருப்பரோ? வியன்னாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் யோசேப் பெற்ஸ்வால் இத்தடையைக் கணக்கினால் வெல்ல முற்பட்டார். 1840இல் அவர் வகுத்த வில்லை, அதற்குமுன் வழங்கியதனிலும் 15 மடங்குக்கு மேலான ஒளியை உட்கொண்டது. மனித முகம் உயிர்ப்போடு படத்தினுட் புகுவதற்கு வழி திறந்தது.

எனினும் அதற்கொரு குறையுண்டு. உருவம் விழும் தளம் வளைந்திருத்தலின், படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் மங்கிச் சுழல்வன போலவும் தோன்றும். பின்வந்த வில்லைகள் இக்குறையைக் களைந்தன. பழையன சேகரிப்போர் பேழைகளில் ஒதுங்கின. 2013இல் லோமோகிராபி நிறுவனத்தார் ஆர்வலரிடம் முன்பணம் திரட்டி, செனித் கமராக்களைச் செய்துவந்த ரஷ்யத் தொழிற்சாலையில் அவ்வில்லையைப் புதிதாக வார்ப்பித்தனர். பித்தளை உடல், 85 மில்லிமீற்றர் குவியத்தூரம், ஒளியைக் குறைக்கத் துளையிட்ட தகடுகளைச் செருகல் வேண்டும். அன்று குறையெனப்பட்ட சுழற்சியே இன்று விலைபெறுவது விந்தையன்றோ!

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபொழுது, இவ்வில்லை பூட்டிய கமராவையும் கறுப்பு வெள்ளைப் படச்சுருளொன்றையும் எம்மிடம் தந்து சென்றார். 36 படங்களே எடுக்கலாம். எடுத்தவுடன் பார்த்தலும் இயலாது. கண்ணிற் கூர்மை வைத்தாற் காது மங்கும். ஆதலின் ஒவ்வொரு படத்திற்கும் நெடிது காத்திருந்தோம்.

குழுப்படத்திற்கு இவ்வில்லை உதவாது. நடுவில் அமரும் அதிபர் துலங்குவார். ஓரத்தில் நிற்போர் கரைந்துபோவர். இதனை எண்ணுகையில், எமது மண்டபச் சுவரிலுள்ள குழுப்படங்கள் நினைவில் எழுந்தன. அவற்றுட் பலவற்றில், கடைசி வரிசையின் ஓரத்தே, யாம் மாணவராயிருந்த நாளில் மணியடித்த முதியவர் நிற்கின்றார். நல்ல வில்லைகள் அவரை மங்கவிடவில்லை. ஆயின் கீழே அச்சிட்ட பெயர் வரிசையில் அவர் பெயர் இல்லை.

அவரை அழைப்பித்து வேப்பமரத்தடியில் இருத்தினோம். "எனக்கேன் தம்பி படம்?" என்று கூசினார். பின்னர் சட்டைப் பொத்தானைப் பூட்டி நிமிர்ந்திருந்தார்.

படச்சுருள் கொழும்பிற் கழுவப்பெற்று வந்தது. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாயிருந்தது. வேப்பிலைகள் அவரைச் சூழ்ந்து வட்டமிட்டன. பெற்ஸ்வால் கணக்கிட்டது இச்சுழற்சிக்காகவன்று, முகத்திற்காகவே. பழையதொன்றைப் புதுக்குவோர் அதன் உருவத்தோடு நோக்கத்தையும் மீட்டல் வேண்டும். விழாக்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

அப்படத்தை மண்டபத்தில் மாட்ட விழாக்குழுவினர் இசைந்துள்ளனர். அவர் பெயரை இங்கு யாம் எழுதாதுவிட்டது, அஃது அப்படத்தின் கீழேயே முதன்முதல் பொறிக்கப்படல் வேண்டும் என்னும் விருப்பினாலேயாம்.