ஆயிரத்துக்கு ஒன்றரை ரூபாய்

பி.காம். படித்தவனுக்கும் ஆகாயத்துக்கும் என்ன சார் சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது. ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்குப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே மாதிரி வசூல். ஒரு நாள் மட்டும் ஆயிரத்துக்கு ஒன்றரை ரூபாய் குறைகிறது. சரி, சில்லறை கொடுத்ததில் ஏதோ தப்பு. பத்தொன்பதரை நாள் கழித்து மறுபடியும் அதே ஒன்றரை ரூபாய். இன்னொரு பத்தொன்பதரை நாள்... மறுபடியும்! இது தப்பில்லை சார், ஆள். முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

கெப்ளர் செய்தது இந்த ஆடிட்தான். நாஸா 2009-ல் மேலே அனுப்பிய தொலைநோக்கி. அதைத் திருப்பி, ஆடாமல் நிறுத்த நாலு சக்கரங்கள். 2013-க்குள் இரண்டு படுத்துவிட்டன. விட்டார்களா? சூரிய வெளிச்சம் தள்ளுகிற தள்ளலையே மூன்றாவது சக்கரம் மாதிரி வைத்து 2018 வரை ஓட்டினார்கள். (நம்ம ஊர் ஆட்டோ மெக்கானிக் யாராவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும்.) அப்படி நொண்டிக்கொண்டே பார்த்ததில்தான், கடக ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரம் பத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை துளியூண்டு மங்குவது தெரிந்தது. குறுக்கே ஏதோ போகிறது! நட்சத்திரத்தின் பெயர் எபிக் 211945201. பெயரா டெலிபோன் நம்பரா என்று கேட்காதீர்கள்.

இதை ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே சொன்னேன். பக்கத்து மேஜை நண்பருக்குக் கடக ராசி. ஆடிப்போய்விட்டார். "அது எனக்கு என்ன செய்யும்?" என்றார். அங்கே ஒரு வருஷமே பத்தொன்பதரை நாள்தான், மாசத்துக்கு ஒன்றரை இன்க்ரிமென்ட் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

மங்குகிற அளவை வைத்து ஆள் எவ்வளவு பெரிசு என்று சொல்லலாம். பூமியைப்போல அகலத்தில் ஆறு மடங்கு. ஆனால் எடை தெரியாது. அதற்கு வேறு வழி உண்டு. சுற்றுகிற கிரகம் நட்சத்திரத்தையும் லேசாக இழுக்கும்; நட்சத்திரம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை அளந்தவர்கள் நம்மவர்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்து அபிஜித் சக்ரவர்த்தி குழு, மவுண்ட் அபு உச்சியில், 1.2 மீட்டர் தொலைநோக்கியில் 'பாரஸ்' என்ற கருவியை மாட்டி, ஏறக்குறைய 420 நாள் பொறுமையாகப் பார்த்தார்கள். 2018 ஜூனில் அறிவித்தார்கள்: சுமார் 27 பூமிகளின் எடை. சூரியனிலிருந்து நாம் இருக்கும் தூரத்தில் ஏழில் ஒரு பங்கில் சுற்றுகிறது. சூடு 600 டிகிரி. இட்லி வேகாது, கருகும்.

தூரம் சுமார் 600 ஒளியாண்டு. அதாவது கெப்ளர் பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது எங்கள் காயல் முத்துக்குப் பேர்போன துறைமுகம். சீனத்து செங் ஹோவின் கப்பல்கள் இந்தக் கடலில் போய்வந்த காலம். (அந்தக் காயல் பழையகாயல்தான் என்று சிலர் சொல்வார்கள். காயல்பட்டினத்தில் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.)

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வாப்பா ஞாபகம்தான் வந்தது.

வாப்பா தம்மாமில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாசம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் வாப்பாமார் இப்படித்தான். கல்யாணத் தேதிகூட லீவைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். வாப்பா எவ்வளவு பெரியவர் என்று எங்களுக்குத் தெரியும்: இரண்டு பெரிய பெட்டி, டேங் டப்பா, கோடாலித் தைலம், அத்தர் வாசனை. எடை? அதை உம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை போன் வரவில்லையென்றால் அன்று ஆணத்தில் இரண்டு தடவை உப்பு விழும்.

2012 ஜூன் 6. வாப்பா லீவில் இருந்தார். அன்று வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போனது. பி.காம். முடித்து வேலையில்லாமல் இருந்த எனக்கு இதைவிட முக்கியமான ஜோலி ஏது? சூரியக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். விடியற்காலையில் வாப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கடலுக்கு மேலே ஒரு பனை உயரம் சூரியன் வந்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன்.

"இங்க பாருங்க வாப்பா, அந்தக் கறுப்புப் புள்ளி."

ரொம்ப நேரம் பார்த்தார். "மச்சம் மாதிரி இருக்கு. வெயில் ஒண்ணும் குறையலியே?"

"குறையுது. ஆயிரத்துல ஒரு பங்கு."

"யாருக்குத் தெரியப்போவுது," என்றார். கண்ணாடியைத் திருப்பித் தந்தார். "இனி எப்போ?"

"2117 டிசம்பர்."

சிரித்தார். அடுத்த வாரம் தம்மாமுக்குப் போய்விட்டார்.

2018-ல் ஒரேயடியாக வந்துவிட்டார். வந்த புதிதில் சொந்த வீட்டில் சீனி டப்பா எங்கே என்று கேட்டுக் கேட்டுத்தான் டீ போடுவார். உம்மாவுக்கும் அவர் முழுநாளும் வீட்டில் இருப்பது பழக ஒரு வருஷம் ஆனது.

இப்போது எனக்கு தோஹாவிலிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. அக்கவுன்டன்ட். சம்பளம், நான் இங்கே நாலு கடைக்குக் கணக்கு எழுதி, பத்திரிகைக்கும் எழுதிச் சம்பாதிப்பதைப்போல மூன்று மடங்கு. மகனுக்கு நாலு வயசு. போன வாரம் வாப்பாவிடம் சொன்னேன்.

"லீவு எப்படி?"

"வருஷத்துக்கு ஒரு மாசம்."

ஒன்றும் சொல்லவில்லை. மகன் அவர் மடியில் ஏறி மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "முப்பது வருஷம் இருந்தேன். லீவை எல்லாம் கூட்டினா ரெண்டரை வருஷம் வருது. சரியான்னு பாரு, நீதானே பி.காம்.," என்றார்.

பேப்பர் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தோஹாவுக்கு வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.